கடைசி நாலு வரி

இந்த பஸ் பன்னெண்டு மணிக்குள்ள சிவகாசி போயிடுமா சார்? நீங்க இந்தப் பக்கத்து ஆளு மாதிரி தெரியுது, அதான் கேக்குறேன். கண்டக்டரைக் கேட்டேன், போயிடும்னாரு. சொல்லிட்டு அவரே இறங்கி டீ குடிக்கிறாரு பாருங்க. திருமங்கலத்துல இவ்ளோ நேரம் நிக்கணுமா? பஸ் பூரா ஆளு உக்காந்திருக்கு, ஒருத்தருக்கும் அவசரம் இல்ல. எனக்கு மட்டும்தான்.

மன்னிச்சுக்கங்க, காலை ஆட்டிட்டே இருக்கேன், உங்க மேல படுது. காலையில மதுரை ரயிலடியில இறங்குனதுல இருந்து இப்படித்தான், ஒரு இடத்துல உக்கார முடியல. இந்தப் பையை மட்டும் கொஞ்சம் மடியில வெச்சுக்கறீங்களா? மேல வெச்சா சரியுது. உள்ள பேப்பர்தான். ஒரு புத்தகத்தோட கடைசி புரூஃப். படிக்கணும்னா தாராளமா படிங்க. ஆனா மொதல்ல நாலாம் பக்கத்தைப் பாருங்க. புத்தகத்தோட பேரு, எழுதுனவங்க பேரு, அச்சகம், எல்லாம் வரிசையா போட்டிருக்கும். அதுல என் பேரு எங்க இருக்குன்னு தேடுங்க. தணிகைவேல். கிடைக்காது. நான் நூறு தடவை தேடிட்டேன்.

அதுக்குத்தான் சார் மெட்ராஸ்ல இருந்து வரேன். வேற வேலை எதுவும் இல்ல எனக்கு இங்க.

அப்பாடா, பஸ்ஸை எடுத்துட்டான்.

நான் ஒரு பதிப்பகத்துல பதிப்பாசிரியர். எழுதுறவங்க எழுதிக் கொட்டிட்டுப் போயிடுவாங்க, அதைப் புத்தகமா ஆக்குறது நம்ம வேலை. கூட்டுறது இல்ல, குறைக்கிறது. இருபத்திரெண்டு வருஷமா வெட்டிட்டு இருக்கேன். இந்த பஸ்ஸையே எடுத்துக்கங்க, படியில் நிற்காதீர்னு மூணு இடத்துல எழுதி வெச்சிருக்கான். ஒண்ணு போதும். நிக்கிறவன் எப்படியும் நிப்பான். எனக்குக் கண்ணு அங்கதான் போகும், என்ன பண்றது, பழக்கம்.

மூணு வருஷத்துக்கு முன்னாடி ஒரு புத்தக வரிசை ஆரம்பிச்சோம். யோசனை என்னுது. முதலாளி தன்னுதுன்னு சொல்லிக்குவாரு, சொல்லிக்கட்டும். இன்னிக்கு நம்ம நாட்டுல சினிமாவுக்கு வெளிய யார் யாரு என்னென்ன பாட்டுப் பாடுறாங்களோ, அது ஒவ்வொண்ணுக்கும் ஒரு புத்தகம். மொதல் புத்தகம் கோயமுத்தூர்ல ராப் பாடுற பசங்களைப் பத்தி. ரெண்டாவது, கிட்டாரைத் தூக்கிட்டு அடித்தொண்டையில இருந்து கத்துவாங்களே, மெட்டல்னு, சென்னையில அப்படி ஒரு கூட்டம் இருக்கு, அவங்களைப் பத்தி. எனக்கு அதுல ஒரு எழவும் புரியல. ஆனா புத்தகம் நல்லா வந்துச்சு. ரெண்டுலயும் நாலாம் பக்கத்துல "பதிப்பாசிரியர்: தணிகைவேல்"னு இருக்கும். சின்ன எழுத்துதான். நான் பெரிசா கேக்கவே இல்லையே.

மூணாவது இது. கானா. வடசென்னையில சாவு வீட்டுல பாடுவாங்களே, அது. இப்ப எங்க பாத்தாலும் அதுதான், போன்ல லட்சக்கணக்குல பாக்குறான். எழுதுனது ஜெனோவான்னு ஒரு பொண்ணு. வியாசர்பாடி, காலேஜ்ல வாத்தியார். நாலு வருஷம் பாடகர்களோடயே சுத்தி, சாவு வீடு சாவு வீடா உக்காந்து, நாப்பது பாட்டை எழுதிட்டு வந்தா. அதுல முக்காவாசி எபினேசர்னு ஒருத்தர் பாடுனது. துறைமுகத்துல மூட்டை தூக்குன ஏகாம்பரம்னு ஒருத்தர்கிட்ட பாட்டுக் கத்துக்கிட்டவராம். கெட்டிக்காரப் பொண்ணு சார் அந்த ஜெனோவா. அதை நான் இல்லைன்னு சொல்லவே மாட்டேன். நம்மகிட்ட நியாயம் இருக்கணும்.

கொண்டு வந்து குடுத்தா. பத்துப் பன்னெண்டு பாட்டைப் படிச்சேன். பிரமாதம். ஆனா ஒண்ணு கவனிச்சேன். எல்லாப் பாட்டும் கடைசி நாலு வரியில போய் விழுந்துடுது. அதுவரைக்கும் மரணம், மனுசன், கடல், அப்படி இப்படின்னு தூக்கிட்டுப் போறாங்க. கடைசியில என்னடான்னா, இன்ன தெரு இன்னார் போறாரு, அவரு பெத்தது இன்னார், பாடுறது நானு, என் வாத்தியாரு இவரு. ஒவ்வொரு பாட்டுலயும். இதே. எவனோ பழனி, எவனோ டில்லிபாபு, எந்த ஊருலயோ இருக்கிற வாசகனுக்கு இவங்கள்லாம் யாரு? நீங்களே சொல்லுங்க.

வெட்டணும்னு அப்பவே மனசுல குறிச்சு வெச்சுட்டேன். அதுக்குள்ள எங்க அம்மா தவறிட்டாங்க. பிப்ரவரி பதினொண்ணு.

வயசாயிடுச்சு, எண்பத்தொண்ணு. அம்மா பைண்டிங் கடையில வேலை பாத்தவங்க சார். அச்சடிச்சு பெரிய பெரிய தாளா வரும், அதுக்கு பாரம்னு பேரு. அதைப் பதினாறு பக்கமா மடிக்கணும். முப்பத்தெட்டு வருஷம் அதே வேலை. படிக்கத் தெரியாது. நான் அச்சுத்தொழிலுக்கு வந்ததே அங்க அவங்க மடிச்ச தாளுக்கு நடுவுல உக்காந்து எழுத்துக் கூட்டுனதுலதான். சரி, அது எதுக்கு இப்போ.

சாவு அன்னிக்கு மத்தியானம் ஜெனோவா வந்தா, கூட எபினேசரும் இன்னும் மூணு பேரும். நான் கூப்பிடல. அவங்களா வந்தாங்க. வாசல்ல ஷாமியானாவுக்குக் கீழ உக்காந்து ஆரம்பிச்சுட்டாங்க. எனக்கு ஒரு பக்கம் ஐஸ்பெட்டிக்காரன் பிளக் பாயிண்ட் எங்கங்கிறான், ஒரு பக்கம் டாக்டர்கிட்ட சர்ட்டிபிகேட் வாங்கணும், வண்டி அஞ்சு மணிக்குன்னு சொல்லியாச்சு. நான் ஜெனோவாவைக் கூப்பிட்டு, கொஞ்சம் சுருக்கமா முடிக்கச் சொல்லும்மான்னேன். சொல்லிட்டு டாக்டர் வீட்டுக்குப் போயிட்டேன். திரும்பி வந்தா பாட்டு முடிஞ்சிருந்துச்சு. என் தங்கச்சி தலையில அடிச்சுக்கிட்டு அழுவுறா. தெருவே என்னைப் பாக்குது. எல்லாரும். ஐஸ்பெட்டிக்காரன் உட்பட. ஏன் அப்படிப் பாத்தாங்கன்னு இன்னிவரைக்கும் எனக்குத் தெரியல. சர்ட்டிபிகேட் வாங்க லேட்டாயிடுச்சுன்னு கோவமோ என்னமோ.

இப்ப எந்த ஊரு இது? விருதுநகரா? மணி பதினொண்ணு பத்து. பரவால்ல, பரவால்ல.

பதினாறாம் நாள் காரியம் முடிச்சுட்டு ஆபீஸ் போனேன். ஜெனோவா திருத்தின பிரதி குடுத்துட்டுப் போயிருந்தா. எண்ணிப் பாத்தா நாப்பத்தொரு பாட்டு. நாப்பதுன்னு பேசினது, ஒண்ணைக் கேக்காம கொள்ளாம சேத்திருக்கா. எனக்கு எரிச்சல். பக்கம் கூடுதேன்னு கவலை. எந்தப் பாட்டு கூடியிருக்குன்னு பாக்கக்கூட எனக்குப் பொறுமையில்ல, சார், அந்த நேரத்துல நான் இருந்த இருப்பு அப்படி. கம்போஸ் பண்ற பொண்ணைக் கூப்பிட்டு, எல்லாப் பாட்டுலயும் கடைசி நாலு வரியைத் தூக்கிடும்மான்னேன். அரைமணி நேரத்துல தூக்கிட்டா. பாருங்க, அஞ்சு பக்கம் மிச்சம். நாப்பத்தொரு பாட்டும் சும்மா கத்தி மாதிரி நின்னுச்சு. அன்னிக்கு எனக்கு நல்லாத் தூக்கம் வந்துச்சு, அம்மா போனதுக்கப்புறம் மொதல் தடவையா.

அதுக்கப்புறம்தான் வந்தது வினை. இந்தப் பாட்டுக்காரங்க யாரும் புரூஃபைக் கண்ணால படிக்க மாட்டாங்க. பாடிப் பாப்பாங்க. ஜெனோவா என்னையும் வான்னா, போனேன். எபினேசர் வீடு. ஒரு ரூம், மாடிப்படிக்குக் கீழ. மனுசன் கண்ணாடி போட்டுக்கிட்டு, தாளைத் தொடையில வெச்சுக்கிட்டு, ஒரு பிளாஸ்டிக் சேரைக் கவுத்துப் போட்டுத் தட்டிக்கிட்டே பாடுறாரு. குரல்னா குரல், எனக்கே ரோமம் எந்திரிச்சுது. தாளு முடிஞ்சுடுச்சு. அவரு தட்டுறதை நிறுத்தல. தாளைத் திருப்பிப் பாக்குறாரு, பின்னாடி வெறும் வெள்ளை. தட்டிக்கிட்டே ஜெனோவாவைப் பாக்குறாரு. அவ என்னைப் பாக்குறா. ரெண்டு நிமிஷம் இருக்கும் சார், அந்த மனுசன் தட்டிக்கிட்டே இருந்தாரு, பாட்டு எங்கடா போயிடுச்சுங்கிற மாதிரி. அப்புறம் கையை எடுத்துட்டு மெதுவாச் சொன்னாரு.

"பேரு சொல்லாம எறக்கிட்டீங்களே சார். பொணம் யாரோடதுன்னே தெரியாம தூக்கிட்டுப் போற மாதிரி இருக்குது."

நான் பொறுமையா விளக்குனேன். நம்பணும் நீங்க, குரலைக்கூட உசத்தல. ஐயா, பேரு முக்கியமில்ல, பாட்டுதான் முக்கியம். இன்னும் அம்பது வருஷம் கழிச்சு ஏகாம்பரம் யாருன்னு எவனுக்குத் தெரியும், உங்க பாட்டு மட்டும் நிக்கும்னேன். அவரு டீ வாங்கிட்டு வரச் சொன்னாரு. ஜெனோவாதான் என்கூட பஸ் ஸ்டாப் வரைக்கும் நடந்து வந்து சண்டை போட்டா. அவங்க குருவுக்கு அவங்க வெக்கிற கும்பிடு சார் அது, செத்தவங்களுக்கு அதுதான் சார் கல்வெட்டு, அப்படி இப்படின்னு. ஒரு சாவு வீட்டுல அந்தக் கடைசி நாலு வரிக்குத்தான் சார் ஜனமே காத்திருக்கும்னா. எனக்கு நாக்குல சனி. அந்த நாலு வரியோட இந்தப் புத்தகம் வர்றதா இருந்தா என் பேரை எடுத்துடுன்னுட்டேன்.

கோவத்துல சொன்னது சார். யாராவது கோவத்துல சொன்னா அப்படியே செஞ்சுடுவாங்களா? நீங்க வீட்டுல சோறு வேணாம்னு சொல்லிட்டு எந்திரிச்சா, உங்க வீட்டம்மா நிஜமாவே சோத்தைத் தூக்கி உள்ள வெச்சுடுவாங்களா? ரெண்டு தடவை கூப்பிடுவாங்கல்ல?

முதலாளிகிட்ட போச்சு விஷயம். அவரு ஜெனோவா பக்கம், நாலு வரியும் திரும்பச் சேருங்கன்னுட்டாரு. அவ கையெழுத்துப் போட்டு அனுப்புறதுதான் கடைசி, அதுல யாரும் ஒரு புள்ளிகூட மாத்தக்கூடாதுன்னு அச்சகத்துக்கே போன் பண்ணிச் சொல்லிட்டாரு. நான் லீவு போட்டுட்டு வீட்டுல உக்காந்துட்டேன். பத்து நாள். கூப்பிடுவாங்கன்னு பாத்தேன். முந்தாநாள் இந்தப் புரூஃப் வந்துச்சு, தகவலுக்காகன்னு போட்டு. தகவலுக்காக! நாலாம் பக்கத்தைத் திறந்தேன். என் பேரு இல்ல. அந்த எடத்துல ஒரு கோடுகூட இல்ல சார். அப்படி ஒருத்தன் இருந்ததே இல்லைங்கிற மாதிரி அழகா அடுத்த வரியை மேல ஏத்தியிருக்காங்க.

பேரு வெறும் எழுத்துதானேன்னு நீங்க நினைக்கலாம். இருபத்திரெண்டு வருஷம் சார். எத்தனை புத்தகம், எத்தனை வரி. வெட்டுனதை யாரும் பாக்க முடியாது, நிக்கிறதைத்தான் பாப்பான், அதுக்கு எழுதுனவனைக் கொண்டாடுவான். எனக்குன்னு இருக்கிறது அந்த ஒரு வரிதான். நான் இந்த உலகத்துல ஒரு வேலை செஞ்சேன்கிறதுக்கு வேற என்ன அத்தாட்சி இருக்கு? எனக்குக் கல்யாணம் காட்சி ஒண்ணும் இல்ல. அம்மா இருந்தாங்க, அவங்களும் போயிட்டாங்க.

ஜெனோவாவுக்கு போன் பண்ணேன். நீங்கதானே சார் எடுக்கச் சொன்னீங்கன்னா. நான் கத்துனேன். அவ கத்தல. "உங்க பேரு உள்ள இருக்கு சார், பாருங்க"ன்னா. நன்றி சொல்ற பக்கத்துல போட்டிருப்பா போலன்னு பாத்தேன். எழுபது பேருக்கு நன்றி சொல்லியிருக்கா சார், சேருக்கு டேப் ஒட்டிக் குடுத்தவனுக்கெல்லாம். நான் இல்ல. அப்புறம் மூடி வெச்சுட்டேன். பொய் வேற சொல்றா பாருங்க, அதான் வயித்தெரிச்சல்.

சிவகாசியில அந்த அச்சகத்துல தவமணின்னு ஒரு போர்மேன், நமக்கு இருபது வருஷப் பழக்கம். அவர்கிட்ட கெஞ்சினேன். மத்த பாரமெல்லாம் மெஷின்ல ஓடிடுச்சு சார், நாலாம் பக்கம் இருக்கிற மொதல் பாரத்தை மட்டும் கடைசியா ஓட்டுறேன், பன்னெண்டு மணி வரைக்கும் நிறுத்தி வெக்கிறேன், நீங்க நேர்ல வாங்கன்னாரு. முதலாளி சொன்னதை மீற அவருக்குப் பயம். ஆனா மூஞ்சிக்கு நேரா நின்னு கேட்டா இல்லைன்னு சொல்ல மாட்டாரு. ஒரே ஒரு வரி சார். ஒரு பிளேட்டு மாத்தணும், அவ்ளோதான். நான் போயிட்டா மாத்திடுவாரு.

ஏன் நிறுத்துறான்? ரயில்வே கேட்டா? போச்சு. இது எந்த ரயில் இந்நேரத்துல? கூட்ஸா? கூட்ஸுன்னா ஆடி அசைஞ்சுல்ல வரும். மணி பதினொண்ணு நாப்பது. இறங்கி ஆட்டோ பிடிச்சா? அதுவும் கேட்டைத் தாண்டிப் பறக்காதுங்கிறீங்க. சரிதான்.

என்ன சார்? என் பேரா? எங்க? நன்றிப் பக்கம் பாத்துட்டேன்னு சொன்னேனே. அங்க இல்லையா? நூத்தி எண்பத்தேழா? அது பாட்டு சார், அதுல எப்படி... நாப்பத்தொண்ணாவது பாட்டு. அதான் அவளா சேத்தது. குடுங்க. கண்ணாடி எங்க வெச்சேன். சட்டைப் பையிலயே இருக்கு. குடுங்க.

சிந்தாதிரிப்பேட்டை தனபாக்கியம் ஏறுறாங்க தேரு
பாரம் பாரமா மடிச்ச புக்குல எங்க அவங்க பேரு
தணிகைவேலப் பெத்த தாயி தங்கமான வேரு
துறைமுகத்து ஏகாம்பரம் சிஷ்யன் எபினேசரு.

தனபாக்கியம் எங்க அம்மா சார்.

ஆமா. எங்க அம்மா பேருதான். இவ்ளோ நேரம் சொல்லலையா நான்? அம்மா அம்மான்னே சொல்லிட்டிருந்தேனா.

இல்ல, தண்ணி வேணாம். நல்லாத்தான் இருக்கேன்.

அப்போ இதைத்தான் பாடியிருக்காரு அன்னிக்கு. நான் டாக்டர் வீட்டு வாசல்ல டோக்கன் வாங்கிட்டு நின்னுட்டிருந்தேன். அதான் தெருவே என்னைப் பாத்திருக்கு. என் பேரைச் சொல்லி முடிச்சிருக்காரு, நான் அந்த நேரம் பாத்து உள்ள வந்திருக்கேன். முப்பத்தெட்டு வருஷம் மடிச்சாங்க சார். எத்தனை லட்சம் புத்தகம் இருக்கும்? ஒண்ணுலயும் பேரு கிடையாது, மடிக்கிறவங்க பேரை எவன் போடுவான். எனக்கே தோணலையே. நான் ஒரு பதிப்பாசிரியர், என் கையில முந்நூறு புத்தகத்தோட நாலாம் பக்கம் இருந்துச்சு, எனக்கே தோணல. மூட்டை தூக்குனவரோட சிஷ்யருக்குத் தோணியிருக்கு.

அதைத்தான் நான் தூக்கச் சொன்னேன். அரைமணி நேரத்துல தூக்கிட்டா அந்தக் கம்போஸ் பண்ற பொண்ணு. அன்னிக்கு நல்லாத் தூங்குனேன்னு சொன்னேன்ல உங்ககிட்ட?

ஒரு நிமிஷம் சார், போன். தவமணிதான்.

ஆங், சொல்லுங்க தவமணி. இல்ல, கேட்டுல மாட்டிக்கிட்டேன். இல்ல இல்ல, புது பிளேட்டெல்லாம் வேணாம். ஆமா. அப்படியே ஓட்டுங்க. நாலாம் பக்கம் இருக்கிற மாதிரியே இருக்கட்டும். கேக்குதா? கடைசி பாரம் ஓடிடுச்சுல்ல? நூத்தி எண்பத்தேழு, அதுல நாலு வரி இருக்கான்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க. தாளை எடுத்துப் பாருங்க, நான் லைன்ல இருக்கேன். படிங்க. மொதல் வரி மட்டும் போதும்.

சரி. போதும். ஓட்டுங்க.

ஓடிடுச்சாம் சார். மையி இன்னும் காயலையாம்.

இல்ல, திரும்பல. சிவகாசிக்கு வரேன். வந்துட்டேன்ல இவ்ளோ தூரம். பாரம் மடிக்கிற எடத்துல போய்க் கொஞ்ச நேரம் உக்காந்துட்டு வரேன். அங்க மடிக்கிறவங்க யாரு என்னன்னு ஒரு வார்த்தை கேக்கணும். எபினேசருக்கு ஒரு போன் பண்ணணும், என்ன சொல்றதுன்னுதான் தெரியல. மூணாவது வரி கொஞ்சம் இடிக்குது, தங்கமான வேருங்கிறது. இருக்கட்டும். கையை வெக்க மாட்டேன்.

கேட்டைத் தூக்கிட்டான் பாருங்க.

சார், திருமங்கலத்துல இருந்து நானே பேசிட்டு வரேன், உங்களைப் பேசவே விடல. உங்க பேரு என்ன? எந்தத் தெரு? அம்மா பேரையும் சேத்துச் சொல்லுங்க.